பெயர் நின்றது, கல் மாறியது: மாதக்கல்லும் ராசிக்கல்லும்

ஜூலை 8ஆம் தேதி, துலா ராசியில் பிறந்த ஒருவர் தனக்குரிய கல் எது என்று தேடுகிறார். இணையத்தில் பார்த்தால் ஜூலைக்கு மாணிக்கம். ராசிப்படி போனால் துலாத்தின் அதிபதி சுக்கிரன், ஆகவே வைரம். எண் கணிதக்காரர், எட்டு சனியின் எண், நீலம் போடுங்கள் என்பார். ஜாதகத்தைக் கையில் வாங்கும் ஜோதிடர் ராசியை ஒதுக்கிவிட்டு லக்னத்தைப் பார்ப்பார். அது விருச்சிகமாக இருந்தால் பவளம். நாலு பேரிடம் கேட்டதற்கு நாலு கல். போதாக்குறைக்கு, சூரியனும் சனியும் பகை என்பதால் மாணிக்கத்தையும் நீலத்தையும் சேர்த்துப் போடக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது.

இந்த நாலும் ஒரே மரத்தின் கிளைகள் அல்ல. மாதக்கல் மேற்கத்திய நகை வணிகத்திலிருந்து வந்தது. ராசிக்கல் நவரத்தின மரபிலிருந்து கிளைத்தது. எண்கல் அந்த நவரத்தினத்தையே ஒன்று முதல் ஒன்பது வரை எண்களுக்குப் பங்கிட்டது. இரண்டு பெரிய மரபுகளுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு: கல்லின் பெயர் நூற்றாண்டுகள் கடந்து நின்றிருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் குறித்த கல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடையில் ஏமாறுகிறவர்களும் பெரும்பாலும் இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பன்னிரண்டு கல்லும் பன்னிரண்டு மாதமும்

மாதக்கல்லின் வேர் விவிலியத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 28ஆம் அதிகாரம் ஆரோனின் மார்ப்பதக்கத்தை விவரிக்கிறது: வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை, ஆகப் பன்னிரண்டு கல், இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்காக. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், இந்தப் பன்னிரண்டும் மாதங்களையோ ராசி மண்டலத்தையோ குறிக்கலாம் என்று எழுதினார். பிற்காலப் பட்டியல்கள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து முளைத்தவைதான்.

அந்த எபிரேயப் பெயர்கள் எந்தெந்தக் கல்லைக் குறித்தன என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் நமக்குத் தெரிந்த ரத்தினப் பெயர்களையே எடுத்து வைத்தார்கள். பழைய தமிழ் விவிலியத்தின் பட்டியலில் பத்மராகம், மாணிக்கம், கெம்பு மூன்றும் தனித்தனிக் கற்களாக வருகின்றன. தமிழ்நாட்டு நகைக்கடையில் இந்த மூன்று சொல்லும் ஒரே சிவப்புக் கல்லைத்தான் குறிக்கும்.

ஒரு ஆள் தன் பிறந்த மாதத்துக்கான ஒரே கல்லை ஆயுள் முழுக்க அணிவது என்பது பிந்திய வழக்கம். அதற்கு முன் பன்னிரண்டு கல்லையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தந்த மாதத்தில் அந்தந்தக் கல்லை அணியும் பழக்கம் இருந்தது. அமெரிக்காவின் டிஃபனி நிறுவனத்தில் ரத்தின வல்லுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் குன்ஸ், பிறந்த மாதத்துக் கல்லை மட்டும் அணியும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் போலந்தில் தொடங்கியது என்று எழுதினார். பட்டியலோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. டிசம்பருக்கு மாணிக்கம் என்று சொன்ன பட்டியலும் உண்டு.

இந்த வேறுபாடு வியாபாரத்துக்கு இடைஞ்சல். ஒரு கடையில் ஒரு கல், அடுத்த கடையில் வேறு கல் என்றால் வாங்க வருகிறவர் யோசிப்பார். 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் கேன்சஸ் சிட்டியில் கூடி ஒரே பட்டியலை முடிவு செய்தது. ஜனவரிக்கு கார்னெட், பிப்ரவரிக்கு அமெதிஸ்ட் எனும் செவ்வந்திக்கல், ஏப்ரலுக்கு வைரம், மே மாதத்துக்கு மரகதம், ஜூலைக்கு மாணிக்கம், செப்டம்பருக்கு நீலம் என்று இன்று நாம் பார்க்கும் பட்டியலின் எலும்புக்கூடு அதுதான். 1952இல் அதைத் திருத்தினார்கள்: ஜூனில் அலெக்சாண்ட்ரைட் சேர்ந்தது, நவம்பரில் சிட்ரின் சேர்ந்தது, டிசம்பரில் லாபிஸ் லாசுலி போய் சிர்கான் வந்தது. 2002இல் டிசம்பருக்கு டான்சனைட்டும், 2016இல் ஆகஸ்டுக்கு ஸ்பினலும் சேர்ந்தன.

டான்சனைட் வடக்குத் தான்சானியாவின் மெரலானி குன்றுகளில் 1967இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பெயரை வைத்ததே டிஃபனி நிறுவனம், 1968இல். மனிதன் பார்த்து 35 ஆண்டுகளே ஆன ஒரு கல், ஆரோனின் மார்ப்பதக்க மரபில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மூன்று நான்கு கல் ஒதுக்குவதன் பயன் எளிது: வைரம் வாங்க முடியாதவரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

ஒன்பதும் சேர்ந்தால்தான் நவரத்தினம்

நம் பக்கத்து மரபு மாதத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை; அதற்குக் கிரகம்தான் கணக்கு. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். கோயிலில் நவக்கிரகங்களுக்குச் சார்த்தும் துணியின் நிறத்தைப் பாருங்கள்: புதனுக்குப் பச்சை, குருவுக்கு மஞ்சள், சனிக்குக் கருப்பு அல்லது கருநீலம். கல்லும் அதே நிறக் கணக்கில்தான் கிரகத்தோடு ஒட்டியது.

நவரத்தின மோதிரத்திலோ பதக்கத்திலோ கல் பதிக்கும் வரிசைக்கும் விதி உண்டு. நடுவில் மாணிக்கம். கிழக்கில் வைரம், அங்கிருந்து வலமாகத் தென்கிழக்கில் முத்து, தெற்கில் பவளம், தென்மேற்கில் கோமேதகம், மேற்கில் நீலம், வடமேற்கில் வைடூரியம், வடக்கில் புஷ்பராகம், வடகிழக்கில் மரகதம். நடுவில் சூரியன் நிற்க, கிழக்கே சுக்கிரன், மேற்கே சனி என்று அமைந்த நவக்கிரகச் சந்நிதியின் வரைபடத்தை அப்படியே மோதிரத்துக்குள் இறக்கியதுதான் இது. அவசரத்தில் செய்யும் பட்டறைகள் இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் பக்கத்தில் வராமல் அழகுக்காக இடம் மாற்றிவிடுவதுண்டு. மரபுப்படி வேண்டும் என்றால் செய்யக் கொடுக்கும்போதே வரைந்து கொடுத்துவிடுவது நல்லது.

ஒன்பதையும் ஒன்றாகப் பதிப்பதன் பொருள் ஒட்டுமொத்தப் பிரபஞ்சத்தையும் அணிவது என்பதுதான். தாய்லாந்து அரச மரபிலும் நவரத்தினம் இந்தப் பொருளில்தான் இருக்கிறது. பகைக் கிரகங்களின் கற்கள் சேரக் கூடாது என்கிற விதியும் இங்கே செல்லுபடியாகாது. மாணிக்கமும் நீலமும் ஒரே வட்டத்துக்குள் அடங்கி நிற்கின்றன. ஒன்பதிலிருந்து ஒன்றைப் பிரித்து ஒரு ஆளுக்கு எழுதிக் கொடுப்பது இதன் கிளை வழக்கம். அதன் கணக்கும் முழுமையாகப் பொருந்தாது: ராகுவுக்கும் கேதுவுக்கும் சொந்த ராசி கிடையாது என்பதால், ராசி அதிபதிப்படி பார்த்தால் கோமேதகமும் வைடூரியமும் யாருக்கும் வராது. அதனால் அவற்றை ஜாதகத்தில் நடக்கும் கிரக தசையைக் கொண்டோ நட்சத்திரத்தைக் கொண்டோ தருகிறார்கள்: அசுவினி, மகம், மூலத்துக்கு வைடூரியம், திருவாதிரை, சுவாதி, சதயத்துக்குக் கோமேதகம்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டுகிறது. அதில் ஒன்பது மணியும் வருகின்றன. யாருக்கு எந்தக் கல் ராசி என்ற பேச்சு மட்டும் வரவில்லை. வருவதெல்லாம் தரப் பரிசோதனை. வைரத்தில் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்கள் இருக்கக் கூடாது. காக்கைக்காலாகக் கிளைத்த விரிசல், கறை, புள்ளி, கோடு என்று இன்றைய கடைக்காரர் உருப்பெருக்கியில் தேடுகிறவையும் இவைதான். மரகதத்தில் கோடும் இருளும் கூடாது. பவளம் துளைபட்டதாகவும் கல் சிக்கியதாகவும் கோணியதாகவும் இருக்கக் கூடாது. கிரகப் பெயர்கள் ஒரே இடத்தில், முத்தைச் சொல்லும்போது வருகின்றன: சந்திரன், குரு, செவ்வாய் போன்ற ஒளியுடைய வட்ட முத்துகள் என்று. வெண்மை, இளமஞ்சள், செம்மை என்று முத்தின் நிறத்தைச் சொல்லக் கிரகம் அங்கே ஓர் உவமை. வைரத்துக்கு நான்கு வருணம் பிரித்ததையும் அந்தக் காதை சொல்கிறது. மனிதனுக்கு வைத்த சாதியைக் கல்லுக்கும் வைத்துவிட்டார்கள்.

பெயர்களின் இடமாற்றம்

பழங்காலத்தில் கல்லைப் பிரித்தறியக் கண்ணும் கையும்தான் கருவி. நிறம், ஒளி, கடினம், கனம், தொட்டால் குளிர்ச்சி, அவ்வளவே. ஆகவே ஒரே நிறமுள்ள வெவ்வேறு கனிமங்கள் ஒரே பெயருக்குள் ஒதுங்கின.

மிகப் பெரிய எடுத்துக்காட்டு மாணிக்கம். மாணிக்கமாகிய சிவப்புக் குருந்தமும் சிவப்பு ஸ்பினலும் பார்வைக்கு அண்ணன் தம்பி. பர்மாவிலும் இலங்கையிலும் ஒரே சரளைப் படிவில் சேர்ந்தே கிடைப்பவை. 1783இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே த லில் ஸ்பினலைத் தனிக் கனிமமாகப் பிரித்துக் காட்டினார். அதன் பிறகு பார்த்தால், பிரிட்டிஷ் மணிமுடியின் முன்புறத்தில் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ ஸ்பினல். முகலாயப் பேரரசர்களின் பெயர் பொறித்த ‘தைமூர் மாணிக்க’மும் ஸ்பினல். அவற்றின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை என்பது வேறு கதை.

இங்கே ஒரு சின்னப் பெருமை. மாணிக்கம், நீலம், கனக புஷ்பராகம் மூன்றும் ஒரே கனிமம், அலுமினியம் ஆக்சைடு. குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், இரும்பு மட்டும் என்றால் மஞ்சள். இந்தக் கனிமத்தை உலகம் ‘கொரண்டம்’ என்கிறது. அது நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது.

வைடூரியத்தின் பயணம் இன்னும் நீளம். பிராகிருதத்தில் வேளுரிய என்றான இந்தச் சொல் கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆனது, அதிலிருந்து பெரில். ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்குப் ‘பிரில்லே’ என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான், தெளிந்த கல்லைத் தேய்த்து லென்சு செய்த காலத்தின் நினைவாக. ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவில் கிடைக்கிறது, வேறெங்கும் அரிது என்கிறார். அந்தக் கல் கொங்கு நாட்டுக் கல். காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் தோண்டப்பட்டது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பெரில், நீலம், படிகம், சூதுபவளம் ஆகியவற்றில் செய்த மணிகளும், செய்து முடிக்காத மணிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இந்த ஊர்தான். அப்படியானால் பழைய வைடூரியம் பெரில் வகை. இன்று ராசிக்கல் கடையில் வைடூரியம் என்றால் நடுவில் ஒளிக்கோடு ஓடும் பூனைக்கண், அதாவது கிரைசோபெரில் என்ற வேறு கனிமம். சிலப்பதிகாரம் வைடூரியத்தைத் தெளிந்த தேன்துளி என்கிறது. தேன்நிறப் பெரிலும் உண்டு, தேன்நிறப் பூனைக்கண்ணும் உண்டு என்பதால் அந்த உவமை வழக்கைத் தீர்க்காது.

மேற்கிலும் இதே கதைதான். பொற்புள்ளிகள் தெறித்த நீலக்கல் என்று பழைய கிரேக்க, ரோமானிய நூல்கள் ‘சஃபையர்’ பெயரில் சொல்வது லாபிஸ் லாசுலி. ‘டோபாஸ்’ என்ற பெயர் செங்கடல் தீவொன்றிலிருந்து வந்தது. அந்தத் தீவில் கிடைப்பது பச்சைப் பெரிடாட். டூர்மலின் என்ற பெயரோ சிங்களத் தோரமல்லியிலிருந்து டச்சு வணிகர் கொண்டுபோனது. இலங்கையின் மாத்தறையில் கிடைத்த நிறமற்ற சிர்கான், ‘மாத்தறை வைரம்’ என்ற பெயரிலேயே உலகம் சுற்றியது.

ஒரே கல், எதிர்ப் பொருள்

குறியீடு என்பது கல்லுக்குள் இருப்பதல்ல என்பதற்கு நீலத்தைவிடச் சான்று வேண்டாம். ஐரோப்பாவில் அது வானத்தின் கல். இடைக்காலப் பேராயர்களின் மோதிரத்தில் இருந்தது, 1981இல் டயானாவின் நிச்சயதார்த்த மோதிரத்தில் இருந்ததும் இலங்கை நீலம். தமிழ்நாட்டில் அதே கல்லை வாங்கப் போகிறவரிடம் வீட்டில் உள்ளவர்கள், ‘நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காது’ என்பார்கள். மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்து, கெட்ட கனவு வரவில்லை என்றால்தான் மோதிரம். வானத்தின் நிறம் என்று அவர்கள் பார்த்ததை நாம் சனியின் நிறம் என்று பார்த்தோம்.

மாணிக்கம் இருட்டில் விளக்காக எரியும் என்ற நம்பிக்கை இரு பக்கமும் உண்டு. நாகமாணிக்கக் கதை அதன் நம்மூர் வடிவம். பாம்பின் தலையில் மாணிக்கம் விளையாது. ஆனால் எரியும் கல் என்ற எண்ணத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. குரோமியம் உள்ள குருந்தம் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கிச் சிவப்பொளியாகத் திருப்பித் தரும். பர்மா மாணிக்கத்தில் இரும்பு குறைவு என்பதால் இந்த ஒளிர்வு தூக்கலாகத் தெரியும். தாய்லாந்து மாணிக்கத்தில் இரும்பு அதிகம். அது ஒளிர்வை அமுக்கிவிடும். பர்மாக் கல்லுக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்பவருக்குப் பாதி விடை இது.

முத்து, சுவாதி நட்சத்திரத்தன்று சிப்பிக்குள் விழும் மழைத்துளி என்றார்கள் நம்மவர்கள். பனித்துளி என்றார் பிளினி. மணல் துகள் என்று பள்ளிப் புத்தகம் சொல்வதும் பெரும்பாலும் சரியல்ல. சிப்பியின் உடலுக்குள் ஒட்டுண்ணி புகுந்தோ காயம்பட்டோ அதன் மேலுறைத் திசுவின் செல்கள் உள்ளே இடம்பெயர்ந்தால், அவை சுற்றிலும் முத்துப்பூச்சைச் சுரக்கத் தொடங்கும். வளர்ப்பு முத்தில் செய்வதும் அதையே: சிறு மணியோடு வேறொரு சிப்பியின் மேலுறைத் துண்டையும் சேர்த்து உள்ளே வைப்பது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் தூத்துக்குடியில் இப்படி உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியது. கொற்கையிலிருந்து முத்து போன அதே கடற்கரை.

செவ்வந்திக்கல்லின் கிரேக்கப் பெயருக்கு ‘போதையில்லாதது’ என்று பொருள். அது ஒரு காலத்தில் மாணிக்கத்தோடு நிகர் நின்ற கல். 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் குவியல் குவியலாகக் கிடைத்ததும் விலை இறங்கிவிட்டது. மகிமைகளில் ஒரு பங்கு அருமையால் வருவது.

கடையில் பெயர் என்ன, பில்லில் பெயர் என்ன

நம் ஊரில் அதிகக் குழப்பம் புஷ்பராகத்தில்தான். குருவுக்குச் சொல்லப்படும் கனக புஷ்பராகம் மஞ்சள் குருந்தம். டோபாஸையும் அதே பெயரில் விற்பார்கள். அதைவிட மலிவான சிட்ரினையும், சூடேற்றி மஞ்சளாக்கிய செவ்வந்திக்கல்லையும் விற்பார்கள். மூன்றும் உண்மையான இயற்கைக் கற்களாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல். ‘ஒரிஜினல் கல்லா?’ என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் மனசாட்சியோடு ‘ஆமாம்’ சொல்லலாம்.

மோதிரத்தில் பதிக்காத கல்லாக இருந்தால் இந்த மூன்றையும் வீட்டிலேயே பிரித்துவிடலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு வேண்டும். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தராசின் மேல் பாதியளவு நீருள்ள சிறு கண்ணாடி டம்ளரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் கல்லைக் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுக மட்டும் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், கல் விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 1.00 கிராம், அதாவது 5 காரட் மஞ்சள் கல்லுக்கு 0.25 வந்தால் அடர்த்தி 4, குருந்தம். 0.28 வந்தால் டோபாஸ். 0.38 வந்தால் சிட்ரின்.

தவறு நேரும் இடங்கள் மூன்று. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாக வரும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. கல் டம்ளரின் அடியைத் தொட்டால் அதன் முழு எடையும் விழுந்து கணக்கே பாழ். கல் சிறிதாக இருந்தால் முறையே உதவாது: 1 காரட் கல்லுக்கு வர வேண்டியது 0.05, அதில் தராசின் பிழை மட்டுமே 0.01, விடை 3.3 முதல் 5 வரை எங்கேயும் போய் நிற்கும். இன்னொன்று, ஆலையில் செய்த குருந்தமும் குருந்தமே என்பதால் அதற்கும் 4தான் வரும்.

ஆலைக் கல் என்றதும் புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூயி, தூளை நெருப்புச் சுடரில் உருக்கிச் சொட்டவிட்டு மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே அது உலகச் சந்தையில் இருந்தது. திருச்சி வட்டாரத்தில் குடிசைத் தொழிலாக வளர்ந்த கல் பட்டை தீட்டுதல் இந்தச் செயற்கைக் கற்களை நம்பி வளர்ந்ததுதான். ஆகவே பாட்டி காலத்து நகை என்பது மட்டுமே இயற்கைக் கல்லுக்குச் சான்றாகாது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் தெரிந்தால் அது சுடரில் வளர்ந்தது. இயற்கைக் குருந்தத்தில் நிறப்பட்டைகள் நேர்கோடாக ஓடி 120 டிகிரியில் மடங்கும்; வளையாது. நடனத்துக்குப் போடும் கெம்பு நகையின் கல் பெரும்பாலும் கண்ணாடி அல்லது செயற்கைக் கல். அந்த வேலைப்பாட்டுக்குத்தான் அங்கே விலை, கல்லுக்கு அல்ல.

வைரத்துக்குப் பதிலாக வரும் ‘அமெரிக்கன் டைமண்ட்’ கியூபிக் சிர்கோனியா. மேலே சொன்ன இயற்கைச் சிர்கானும் இதுவும் வேறு வேறு பொருள்கள். ஒரே அளவுள்ள வைரத்தைவிட இது ஏறக்குறைய 1.7 மடங்கு கனம். இயற்கைச் சிர்கானை மேலிருந்து சற்றுச் சாய்த்துப் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது.

எடையிலும் ஒரு பள்ளம் உண்டு. காரட் என்பது 0.2 கிராம், உலகம் முழுக்க ஒரே அளவு. ரத்தி அப்படியல்ல. குன்றிமணியை அளவாகக் கொண்ட பழைய ரத்தி சுமார் 0.12 கிராம், கல் வியாபாரத்தில் புழங்கும் ரத்தி சுமார் 0.18 கிராம். ஜோதிடர் ஐந்து ரத்தி என்று எழுதியதை ஒரு கடை 3 காரட் என்று எடுத்துக்கொள்ளும், இன்னொரு கடை 4.5 காரட் என்று விற்கும். பில்லில் காரட் கணக்கு, கனிமத்தின் பெயர், இயற்கையா செயற்கையா, என்ன பதப்படுத்தல் நடந்திருக்கிறது என்ற நாலும் இருக்க வேண்டும். ‘ராசிக்கல் 1’ என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. விலை கூடிய கல்லென்றால் விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வகத்தின் அறிக்கை தேவை. அதில் ‘இயற்கை’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், பதப்படுத்தல் பற்றிய வரியையும் படிக்க வேண்டும்.

ஏனென்றால் சந்தையில் உள்ள நீலத்திலும் மாணிக்கத்திலும் பெரும்பகுதி சூடேற்றியவை. இலங்கையில் ‘கெவுட’ எனப்படும் பால்போல் மங்கிய குருந்தம் மலிவாகக் கிடந்தது. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அதை வாங்கிப் போய் உயர் வெப்பத்தில் சுட்டதும், உள்ளே ஊசி ஊசியாக இருந்த ரூட்டைல் என்ற கனிமம் கரைந்து, அதன் டைட்டானியம் இரும்போடு சேர்ந்து நீலம் பிறந்தது. இந்த நிறம் நிலையானது; சொல்லி விற்றால் குறையொன்றும் இல்லை. ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் அந்த ரகம் அல்ல. விரிசல் நிறைந்த மட்டமான கல்லில் கண்ணாடியை உருக்கி ஊற்றித் தெளிவாக்குவது அது. உருப்பெருக்கியில் திருப்பிப் பார்த்தால் விரிசலில் நீல மின்னலும் தட்டையான குமிழிகளும் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிபடும்.

மோதிரத்தைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ கொடுக்கும்போது கல்லைக் கழற்றச் சொல்வது இதனால்தான். ஊதுகுழல் சூடும், அழுக்கெடுக்கும் அமிலமும் கண்ணாடி நிரப்பிய கல்லை ஒரே நாளில் வெள்ளைப் பூத்தாற்போல் ஆக்கிவிடும். நல்ல மாணிக்கத்துக்கும் ஆபத்து உண்டு: பற்றவைக்கத் தடவும் வெண்காரம் சூட்டில் குருந்தத்தின் மேற்பரப்பை அரித்து மெருகைக் கெடுக்கும். மரகதம் வெடிக்கும். கிட்டத்தட்ட எல்லா மரகதத்துக்கும் பிறவியிலேயே விரிசல் உண்டு. அதை மறைக்கத் தேவதாரு எண்ணெயோ பிசினோ ஏற்றியிருப்பார்கள். சுடுநீரிலோ மீயொலி இயந்திரத்திலோ போட்டால் எண்ணெய் வெளியேறி, நேற்றுவரை தெரியாத கோடுகள் இன்று தெரியும். கல் மாறிவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்களில் சிலருக்கு மாறியது கல் அல்ல, எண்ணெய்.

ராசிக்கல் மோதிரத்தில் கல்லின் அடி திறந்து, தோலில் படும்படி பதிப்பது வழக்கம். அதன் விளைவாகச் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அடியில் படிந்து ஒளி மங்கும். வைரம் எண்ணெயை ஈர்ப்பதால் அதில் சீக்கிரம் தெரியும். வெதுவெதுப்பான நீர், மென்மையான பல்துலக்கி, துளி சோப்பு போதும். மாணிக்கம், நீலம், வைரம் எல்லாம் இதைத் தாங்கும்.

புது மோதிரத்தைப் பாலிலோ மஞ்சள் நீரிலோ போட்டுப் பூசை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு வகை. காய்ச்சாத புதுப் பாலில் சில நிமிடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. இரவு முழுக்க விட்டுப் பால் புளித்தால் முத்தின் மேற்பூச்சு மங்கத் தொடங்கும், போன மெருகைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எலுமிச்சையும் வினிகரும் அதைவிட வேகமாக அரிக்கும். சாயமேற்றிய பவளம் என்ற சந்தேகம் இருந்தால், நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் அடிப்புறத்தில் ஓரமாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் சாயம். முத்துமாலையைச் சென்டும் பவுடரும் போட்டு முடித்த பிறகு கடைசியாக அணிந்து, கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, நகைப் பெட்டியில் மற்ற கற்களோடு உரசாமல் தனித் துணிப்பையில் வைக்க வேண்டும். கோக்கும்போது ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு போடச் சொல்லுங்கள். நூல் அறுந்தால் ஒரு முத்துதான் உருளும்.